இரவு எட்டு மணி வேகம்

(கொல்லிமலையின் குண்டனி நாட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுக்கும்போது நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண் அது. 50 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். லைன் வந்த பிறகு செல்போனில் அளந்து பார்த்தால் காலையில் 60 காட்டும், சாயங்காலம் 30 காட்டும், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் 9 காட்டும். நோட்டீஸ் பொய்யா, அளக்கிற ஆப் பொய்யா என்று எந்த ஊருக்குப் போனாலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே பொய் சொல்வதில்லை. நோட்டீஸ் ஓர் இடத்து வேகத்தைச் சொல்கிறது, ஆப் வேறோர் இடத்து வேகத்தைச் சொல்கிறது. இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். கீழ்நாட்டுக்காரர்களைவிட மலைக்காரர்களுக்கு இது அதிகம் தேவை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதில் 120 வரை எண் போட்டிருக்கும். அந்த 120ஐ வைத்துச் சோளக்காட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று யாராவது கணக்குப் போடுவார்களா? "100 எம்பிபிஎஸ் வரை" என்று விளம்பரத்தில் வருவதும் அப்படிப்பட்ட எண்தான். அதற்கு மேலே போகாது என்பதற்கு அது உறுதி. எவ்வளவுக்குக் கீழே போகாது என்பதற்கு அதில் உறுதி எதுவும் இல்லை.

இந்த விளம்பரச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியது இல்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. நூறு வாடிக்கையாளரில் பத்துப் பேருக்கு ஒரு வேகம் கிடைத்தால் போதும், அந்த வேகத்தை நிறுவனம் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். மீதித் தொண்ணூறு பேருக்கு அது கிடைக்காவிட்டாலும் விதிமீறல் இல்லை. மக்கள் சத்தம் போட்டார்கள். 2018 மே 23 முதல் விதியை மாற்றினார்கள். இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் சராசரி என்று விளம்பரம் செய்யலாம் என்றார்கள். பத்துப் பேர் ஐம்பது பேர் ஆனது நல்ல முன்னேற்றம். ஆனால் அதில் எனக்குப் பெரிதாகப் படுவது, அவர்கள் நேரத்தைக் குறித்ததுதான். எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பி, எல்லா வீட்டிலும் படம் ஓடுகிற நேரத்தில் அளந்து சொல் என்றார்கள். விடியற்காலை 4 மணிக்கு அளந்தால் எந்த லைனும் பறக்கும்.

சராசரி என்ற கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பத்து வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டுக்கு 20 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. பத்தாவது வீட்டுக்காரர் வசதியானவர், விலை கூடிய திட்டம் போட்டிருக்கிறார், அவருக்கு 320 கிடைக்கிறது. கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 50. அந்தப் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காவது 50 கிடைக்கிறதா? கிடையாது. சின்னதிலிருந்து பெரியது வரை எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 20 வரும். அதுதான் ஊர் நிலைமையைச் சொல்கிறது. ஸ்பீட்டெஸ்ட் நடத்துகிற ஊக்லா நிறுவனம் நாடுகளை வரிசைப்படுத்தும் தன் பட்டியலில் சராசரியை விட்டுவிட்டு நடு எண்ணுக்கு 2021இல் மாறியதற்கும் இப்படிப்பட்ட காரணம்தான்.

இனி இதை நம் மாவட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நாமக்கல் மாவட்டச் சராசரி என்று ஓர் எண் போட்டால் நாமக்கல் நகரம், ராசிபுரம், திருச்செங்கோடு எல்லாம் அதில் சேரும். அங்கே ஒரே தெருவில் மூன்று நிறுவனத்தின் கேபிள் ஓடும். கொல்லிமலையின் 14 நாடும், அதாவது 14 ஊராட்சியும், அந்தக் கூட்டலுக்குள் சேர்ந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. லைனே இல்லாத வீட்டில் வேகத்தை அளக்க முடியாது. அளக்காத வீடு கணக்கில் வராது. லைன் இருந்தும் மரம் விழுந்து நான்கு நாள் செத்துக் கிடந்தால், அந்த நான்கு நாளும் யாரும் அளக்க முடியாது, அதுவும் கணக்கில் வராது. பூஜ்யத்துக்குச் சராசரியில் இடமே இல்லை. ஆகவே சேவை எங்கே மிக மோசமோ அந்த இடமே கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறது. மலையைப் பற்றிய சராசரி எதையும் நான் முழுசாக நம்பாததற்கு இதுதான் முதல் காரணம்.

அடுத்து, 1 ஜிபிபிஎஸ் என்ற பேச்சு. ஊராட்சிக்கு ஊராட்சி கண்ணாடி இழை கொண்டுபோவது என்று மத்திய அரசு 2011இல் முடிவு எடுத்தது. அதற்குத்தான் பின்னால் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். டான்ஃபிநெட் என்றால் அதிகாரிகளுக்கு உடனே புரியும். மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் என்பது திட்டம். 2022 ஜூனில் பணியைத் தொடங்கிவைத்தார்கள். குண்டனி நாடும் அந்த 12,525இல் ஒன்று. நான் இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். லாபம் வராது என்று தனியார் ஒதுக்குகிற ஊருக்கு அரசு இழை போடுவது சாதாரண காரியம் அல்ல. அதனால்தான் அந்த 1 ஜிபிபிஎஸ் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

1 ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ். அது வந்து சேருவது ஊராட்சி சேவை மையத்திலோ அரசுக் கட்டடத்திலோ வைத்திருக்கும் ஓர் இரும்பு அலமாரிக்கு. அதில் ரவுட்டர் இருக்கும், யூபிஎஸ் இருக்கும். அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கேபிள்காரர்களும் உள்ளூர் ஃபிரான்சைஸ்காரர்களும்தான். கீழே ஓர் ஊராட்சி என்றால் பத்துத் தெரு சேர்ந்து இருக்கும். இங்கே ஒரு நாடு என்பது சரிவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிற பல ஊர்கள். அலமாரிக்கு 1 ஜிபிபிஎஸ் வந்துவிட்டது என்பதால் மேட்டுக்கு அந்தப்பக்கத்து ஊருக்கும் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 200 வீடு லைன் எடுக்கிறது, ஒவ்வொரு வீடும் 100 எம்பிபிஎஸ் திட்டம். ஒப்புக்கொண்ட வேகத்தை எல்லாம் கூட்டினால் 20,000. அலமாரிக்கு வந்திருப்பது 1000. ஒரு பங்கை இருபது பேர் பங்கு போடுகிறார்கள். இது ஏமாற்று இல்லை. உலகத்தில் எல்லா இடத்திலும் வீட்டு லைன் இப்படித்தான் ஓடுகிறது, இல்லாவிட்டால் மாதக் கட்டணம் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒன்றை எத்தனை பேர் பங்கு போடலாம் என்பதற்கு டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2009இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. வீடுகளுக்கு ஒன்றுக்கு ஐம்பது, வணிக நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு முப்பது. நம் கணக்கில் வந்த ஒன்றுக்கு இருபது அதைவிட நல்ல நிலை.

மதியம் 2 மணிக்குப் பெரியவர்கள் மிளகுக் காட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் ஒரு போன் வாட்ஸ்அப் பார்க்கும். அப்போது அளந்தால் முழு 100ம் கிடைக்கும். இரவு 8 மணிக்கு 120 வீட்டில் படம் ஓடுகிறது. தெளிவான படத்துக்கு ஒரு வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ் போதும், மொத்தம் 600. இதுவும் தாங்கும். அந்த 120இல் 60 வீட்டில் புதிய 4கே டிவி வந்துவிட்டால்? அதற்கு வீட்டுக்கு 15 வேண்டும். 60 வீட்டுக்கு 900, மற்ற 60க்கு 300, மொத்தம் 1200. ஆயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. எல்லா வீட்டிலும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். இதில் யாரும் வாங்கிய 100ல் கால் பங்கைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். நெரிசல் வீட்டு லைனில் இல்லை, அலமாரிக்கு வந்து சேரும் பாதையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் லைன்மேன் எத்தனை தடவை ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அது சரியாகாது.

நெரிசல் அதற்கு முன்னாலும் வரலாம். 14 ஊராட்சிக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் என்றால் மலையிறங்குகிற இழையின் முனையில் 14 ஜிபிபிஎஸ் தாங்கும் கருவி வேண்டும். அங்கே 10 ஜிபிபிஎஸ் கருவி இருந்தால் 14 நாடும் சேர்ந்து அதைப் பங்கு போட வேண்டியதுதான். அலமாரிக்கும் வீட்டுக்கும் நடுவிலும் வரலாம். ஜிபான் என்ற முறையில் ஓர் இழையில் இறங்கும் 2.488 ஜிபிபிஎஸ்ஸை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். 64 வீடும் ஒரே நொடியில் இழுத்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 39தான் வரும். நெரிசலான நேரத்திலும் இணைப்புப் பாதை 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று டிராய் 2006லேயே விதி போட்டது. அந்த 2006 விதிகளின் இடத்தில் புதிய தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. பழைய விதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்ட வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று அது சொன்னது உண்மை. ஆனால் அது நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரைக்கும்தான். அதற்கு அப்பால் இருக்கிற இணையத்துக்கு நிறுவனம் வாக்கு கொடுக்கவில்லை. நீங்கள் பார்க்கிற படமும் பேசுகிற வீடியோ காலும் அதற்கு அப்பாலிருந்துதான் வருகின்றன.

மலைக்காரர்களிடம் அடிக்கடி சொல்லும் ஒரு சமாதானம் உண்டு. தூரம் அதிகம், மலைப் பிரதேசம், அப்படித்தான் இருக்கும் என்பார்கள். இதைத் தயவுசெய்து அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனுக்கு அது சரி. எக்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 20க்கு மேல் கிடைக்கும் வேகம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இரண்டு மூன்றாகத் தேய்ந்துவிடும். ஏர்ஃபைபர் என்று டவரிலிருந்து காற்று வழியாக வருவதற்கும் அது ஓரளவு சரி. நடுவில் ஒரு குன்று நின்றாலே போதும், சிக்னல் விழுந்துவிடும். கண்ணாடி இழைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. 20 கிலோமீட்டர் வரை இழையில் வேகம் தேய்வது கிடையாது. ஒளி அதற்குள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு போதும்.

இழை தேயாது, ஆனால் காயப்படும். டான்ஃபிநெட் இழையில் 85 சதவீதம் மின்கம்பத்தின் மேலேதான் போகிறது, 15 சதவீதம்தான் மண்ணுக்கு அடியில். வடகிழக்குப் பருவமழையில் சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், இழையும் போகும். அறுந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் ஒளி குறையும். கம்பத்தில் இழையை நெருக்கிச் சுருட்டிக் கட்டினால் அந்த வளைவில் ஒளி கசியும். வந்திருக்கும் லைன்மேனிடம் பவர் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்ல நிலை. மைனஸ் 27 தாண்டிவிட்டால் மோடத்தில் லாஸ் விளக்கு சிவப்பாக மின்னும், லைன் வரும் போகும், வரும் போகும். கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஊராட்சி அலமாரியின் யூபிஎஸ் பேட்டரி தீர்ந்துவிட்டால், வீட்டில் நீங்கள் இன்வெர்ட்டர் வைத்திருந்தும் பயனில்லை. சேவை மையத்தில் கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் இன்டர்நெட் வேகத்தில் அடங்கும்.

வீட்டுக்குள் நடப்பதையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் நிறுவனத்தின் மேல் புகார் எழுதும் முன்னால் நம் பக்கத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். செல்போனில் அளப்பது லைனின் வேகம் இல்லை, வைஃபையின் வேகம். ரவுட்டரில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு, நாற்பது ஐம்பதுக்கு மேல் தருவது கடினம். 5 வேகமானது, ஆனால் கனத்த மண்சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ஆகவே கம்ப்யூட்டரை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து அளந்து பாருங்கள். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. அதில் ஒன்று அறுந்திருந்தால் 1000 தர வேண்டிய இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டு 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிற வீடுகளில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஏன் 94? ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் முகவரி எழுத ஐந்தாறு சதவீதம் போய்விடும். அது போகத்தான் மீதி. ஃபைல் இறங்கும்போது கம்ப்யூட்டர் 12 என்று காட்டினாலும் பதற வேண்டாம். அது மெகாபைட்டில் காட்டுகிறது, எட்டால் பெருக்கினால் எம்பிபிஎஸ் வரும்.

அளக்கும் ஆப்பும் ஒரே மாதிரி அளப்பதில்லை. சில ஆப், பக்கத்தில் இருக்கும் சர்வரோடு ஒரே சமயத்தில் பல இணைப்பு போட்டு லைனை நிரப்பிப் பார்க்கும். அந்தச் சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயேகூட இருக்கலாம். நீங்கள் வீடியோ காலில் டாக்டரோடு பேசும்போது ஓடுவது ஒரே இணைப்பு, அதுவும் வெளி உலகத்துக்கு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016இல் தன் படங்கள் வரும் அதே சர்வரிலிருந்து அளக்கும் ஃபாஸ்ட் டாட் காம் என்ற பக்கத்தை வைத்தது. டிராயும் அதே ஆண்டு மைஸ்பீட் என்ற ஆப்பை வெளியிட்டது. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டில் அளந்து இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்த மலையில் நம் வேலைக்கு உண்மையில் எந்த வேகம் வேண்டும்? இதைப் பற்றிப் பேசாமல் இறங்க எனக்கு மனசு வராது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறார்கள். அந்தக் கைரேகைத் தகவல் மிகச் சின்னது. அதற்கு 100 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. போன தகவலுக்குப் பதில் சட்டென்று திரும்பி வர வேண்டும், லைன் நடுவில் அறுபடக் கூடாது. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் ஆப்பில் வருகைப் பதிவு கட்டாயம் என்றார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்றச் சொன்னார்கள். அங்கே வேண்டியது பதிவேற்ற வேகம். அது விளம்பரத்தில் பொடி எழுத்தில்கூட வருவது அபூர்வம். போட்டோ ஏறாவிட்டால் மண் சுமந்த பெண்ணின் ஒரு நாள் கூலி சந்தேகத்துக்கு உள்ளாகிறது. நகரத்தில் வேகம் குறைந்தால் படம் நின்று நின்று வரும். இங்கே வேகம் குறைந்தால் அரிசி நிற்கும், கூலி நிற்கும். அதனால்தான் மலைக்குச் சராசரியைச் சொல்லாதீர்கள், அடிமட்டத்தைச் சொல்லுங்கள் என்கிறேன்.

அடிமட்டத்தைச் சொல்ல முடியும். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையம் 2011 முதல் வீடுகளில் சிறு கருவிகளைப் பொருத்தி அளந்து அறிக்கை போட்டது. அதில் ஒரு கணக்கு உண்டு. இரவு 7 மணி முதல் 11 மணி வரை, நூறில் 80 வீட்டுக்கு, நூறில் 80 தடவை, எந்த வேகத்துக்குக் குறையாமல் கிடைத்தது என்ற கணக்கு. விளம்பரத்தில் வரவேண்டிய எண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மாவட்டத்துக்கு ஒன்றாக அல்ல, ஊராட்சிக்கு ஒன்றாக வர வேண்டும். அதைக் கணக்கிடத் தேவையான விவரமெல்லாம் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த இழையில் எந்த மணிக்கு எவ்வளவு நிரம்பியது என்று அவர்களுடைய திரையில் நொடிக்கு நொடி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் தரும்வரை நீங்களே எழுதத் தொடங்கலாம். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். ஊருக்கு நான்கைந்து வீடு எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பக்கத்து வீடு ஒன்று இருக்கட்டும், மேட்டுக்கு அந்தப்பக்கத்து வீடு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளை அளந்து நோட்டில் எழுதுங்கள். இறங்கும் வேகம், ஏறும் வேகம், பதில் வர ஆன நேரம், அளந்தது கேபிளிலா வைஃபையிலா என்று நான்கையும் எழுதுங்கள். லைன் செத்த நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள், மற்றவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். இரவில் மட்டும் விழுந்து மதியம் எழுந்தால் நெரிசல். மூன்று வேளையும் விழுந்து கிடந்தால் இழையிலோ வீட்டிலோ கோளாறு. ஒரு மாத நோட்டைப் பார்த்தாலே இது பிரிந்து தெரிந்துவிடும்.

தனி வீட்டுக் கோளாறுக்கு நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். எண் தராமல் பார்க்கிறோம் என்றால் விடாதீர்கள். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், 2012 முதல் அதற்கு விதி இருக்கிறது. ஊர் முழுக்க நெரிசல் என்றால் அது தனி ஆள் புகாரில் தீராது, கிராம சபைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் கூடுவது மழைக்காலத்துக்கு நடுவில் வருகிறது, நோட்டில் நிறைய எழுதியிருப்பீர்கள். தீர்மானத்தில் மூன்று எண் கேளுங்கள்: இரவு 8 முதல் 10 மணி வரை எங்கள் ஊராட்சிப் பாதை எத்தனை சதவீதம் நிரம்புகிறது, எத்தனை வீடு அதைப் பங்கு போடுகிறது, மாதத்தில் எத்தனை மணி நேரம் செத்துக் கிடந்தது. கூடவே, இழை அடிக்கடி அறுபடும் இடங்களின் மின்கம்ப எண்களையும் பட்டியலாக இணையுங்கள். கம்ப எண் போட்ட தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பத்தில் யாராவது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும்.